வரிசையில் நின்ற பிள்ளையிடம் கேட்ட கேள்வி

தடுப்பூசி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஊசியை எப்படிப் பிடிப்பது, மருந்தை எந்தக் குளிரில் வைப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. நான் திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் ஊசி போட்டவள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கு முகாம் போனவள். ஓய்வு பெற்ற அன்றைக்கு எனக்கு மாலை போட்டு எல்லோரும் புகழ்ந்து பேசினார்கள். என் தவறுகளைப் பற்றி ஒருவர்கூட மூச்சு விடவில்லை. ஆகவே அந்த வேலையை நானே செய்கிறேன்.

எச்.பி.வி. ஊசி எங்கள் கைக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயை வருமுன்னே தடுக்கிற ஊசி. அந்த நோய் முற்றிப்போய் வந்த பெண்களை எங்கள் வார்டில் நிறையப் பார்த்தவள் நான். வெள்ளைப்படுதல்தானே, வயதானால் வருவதுதானே என்று சொல்லிச் சொல்லியே காலம் கடத்திவிட்டு, கடைசியில் படுக்கையோடு வருவார்கள். அதனால் அந்த மருந்துப் பெட்டியை முதன்முதலில் கையில் வாங்கியபோது உண்மையிலேயே கண் கலங்கினேன். ஒரு பிள்ளையைக்கூட விடக்கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது. அந்த வைராக்கியத்தோடுதான் காரியத்தைக் கெடுத்தேன்.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் முகாம். ஒன்பது முதல் பதினான்கு வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு. அம்மாமார் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்கள் முதல் நாளே வந்துவிட்டன. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் கல்யாணமான பெண்களுக்கு ஏற்கெனவே ஒரு படிவம் இருந்தது. அதையே எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி நகல் போட்டேன். அதில் ஒரு கட்டம், 'கடைசியாக மாதவிலக்கான தேதி'. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு இந்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டும் என்பதற்காக அங்கே இருந்த கட்டம் அது. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. கட்டம் இருந்தால் நிரப்ப வேண்டும். அப்படி வளர்ந்த கை இது.

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடியில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் கேலி செய்வார்கள். அந்தக் குரலில், மேசைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர், வகுப்பு, வயது கேட்டு, அதே மூச்சில் "கடைசியா தலைக்கு ஊத்துன தேதி?" என்று கேட்டுக்கொண்டே போனேன். சின்னப் பிள்ளைகள் வெட்கத்தோடு "இன்னும் இல்ல சிஸ்டர்" என்றார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு தேதி சொன்னார்கள். வேலை வேகமாக நடந்தது. எனக்குப் பெருமை.

எட்டாம் வகுப்பு பவித்ரா வந்து நின்றாள். பதின்மூன்று வயது, ஒல்லிப் பிள்ளை, இரட்டை ஜடை. தேதி கேட்டதும் பேசாமல் என் முகத்தையே பார்த்தாள். "ஆயிட்டியா, இல்லையா? சட்டுன்னு சொல்லு, பின்னால எம்புட்டுப் பேரு நிக்கிறாங்க பாரு" என்றேன். எச்சில் விழுங்கிக்கொண்டு, "போன மாசம் பதினாலாந் தேதி சிஸ்டர்" என்றாள். பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு அது புதுச் சேதி. யாரோ ஒரு பிள்ளை 'ஆ' என்றது. நான் தேதியை எழுதிவிட்டு, ஊசியைப் போட்டு, கால் மணி நேரம் உட்கார வேண்டிய பெஞ்சைக் காட்டினேன். அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் மதியம் பவித்ராவின் அம்மா செல்வி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஸ்பின்னிங் மில்லில் வேலை. ஷிஃப்ட் முடிந்து தலைமுடியில் பஞ்சோடு அப்படியே வந்திருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சிஸ்டர். உங்க ஊசிக்கும் எம்பிள்ளை சமைஞ்சதுக்கும் என்னா சம்பந்தம்?"

சம்பந்தம் இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே உறைத்தது.

அவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் விளங்கியது. பவித்ரா வயதுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவும் மகளும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. காரணம், செல்வியின் அண்ணனுக்கும் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு காதுகுத்து விருந்தில் பந்திக்குச் சரியாக அழைக்கவில்லை என்று தொடங்கிய சண்டை. நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெரியமனுஷி ஆனால் முதல் சேதி தாய்மாமனுக்குப் போக வேண்டும். அவர் வந்து தென்னங்கீற்றில் குடிசை கட்டி, சீர் கொண்டுவந்து, பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சேதி சொன்னால் வீட்டுக்காரர் குதிப்பார். சொல்லாமல் சடங்கு செய்தால் அண்ணன் உறவு அதோடு அறுந்துபோகும். இரண்டு பேரையும் எப்படியாவது சமாதானப்படுத்திவிட்டு, பிறகு சேதியை வெளியே விடலாம் என்று செல்வி காத்திருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்து வரிசையில் வைத்து அந்தச் சேதியை வெளியே விட்டுவிட்டேன். அந்த வரிசையில் பவித்ராவுக்கு இரண்டு பேர் பின்னால் நின்றது அந்த அண்ணனின் பத்து வயது மகள் அபி. சாயங்காலமே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"எங்கண்ணன் போன் போட்டு, 'நர்சுக்குச் சொல்லத் தெரிஞ்ச உனக்கு எனக்குச் சொல்லத் தெரியலையா'ன்னு ஒத்தை வார்த்தை கேட்டுட்டு வச்சிருச்சு சிஸ்டர். எங்க வீட்டுக்காரரு என்னடான்னா, 'ஊசியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், அடுத்த ஊசிக்குப் பிள்ளை வராது'ங்கிறாரு. எனக்கு ஆத்தா அப்பன் இல்ல. அண்ணன் ஒண்ணுதான் பொறந்த வீடு."

அதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எங்கள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். என்னைவிட இருபது வயது இளையவர். "அந்தக் கேள்வியை எதுக்குக் கேட்டீங்க சிஸ்டர்?" என்றார். படிவத்தில் இருந்தது என்றேன். "படிவத்துல யாரு போட்டது?" நான்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரம் இன்னொரு பள்ளிக்கூடத்திலிருந்து படிவங்கள் திரும்பி வந்தன. பாதிக்கு மேல் கையெழுத்தே இல்லை. விசாரித்தால், ஒரு சாரார், "எம்பிள்ளை இன்னும் ஆகல, ஆனதும் போட்டுக்குறோம்" என்றார்கள். இன்னொரு சாரார் வாயே திறக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆகியிருந்தார்கள், ஊருக்கு இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொண்டால் பெரியமனுஷி ஆனதாக அர்த்தம் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. நான் கேட்ட ஒரு கேள்வியால் சின்னப் பிள்ளைகளும் போனார்கள், பெரிய பிள்ளைகளும் போனார்கள்.

அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அது சுலபம். செல்வியின் அண்ணனைப் போய்ப் பார்ப்பதுதான் கஷ்டம். போவதற்கு முன் செல்வியிடம் கேட்டேன், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று. இந்தத் தடவையாவது கேட்டேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "எல்லாத்தையும் சொல்லுங்க சிஸ்டர், இனிமே மறைக்க என்ன இருக்கு" என்றாள்.

அவர் மாந்தோப்புக் குத்தகைக்காரர். வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க. ஊருக்கே சேதி சொன்னவுக நீங்கதானா?" என்றார்.

"ஆமாண்ணே, நான்தான்."

"எந்தங்கச்சி மக சமைஞ்ச சேதி எம்மக வாயால எனக்குத் தெரியுது. பத்து வயசுப் பிள்ளை, வரிசையில நின்னு கேட்டுட்டு வந்து சொல்லுது. தாய்மாமன் நான். மூணாம் மனுஷன் மாதிரி கேட்டுக்கிட்டு நிக்கிறேன்."

"உங்க தங்கச்சி யாருக்கும் சொல்லலண்ணே. ரெண்டு மாசமா நெஞ்சுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் வந்து குடிசை கட்டாம எம்பிள்ளைக்குத் தண்ணி ஊத்த மாட்டேன்னு இருந்துச்சு. தப்புப் பண்ணது நான். கேக்கக்கூடாததை, கேக்கக்கூடாத இடத்துல கேட்டேன். கோவத்தை எம்மேல காட்டுங்க."

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இந்த மாதிரி இடத்தில் பேசாமல் நிற்க நான் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். பிறகு அவரே கேட்டார்.

"அது வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குப் போடுற ஊசியா? எம்மக வரிசையிலருந்து ஓடியாந்துட்டா. நான் இன்னும் ஆகலப்பா, எனக்கு வேணாங்கிறா."

"ஆனதுக்கும் ஆகாததுக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லண்ணே. ஒம்பது வயசுலருந்து போடலாம். கிருமி உடம்புக்குள்ள வர்றதுக்கு முந்தி போட்டாத்தான் முழுப் பலன். வந்த கிருமியை இது விரட்டாது."

"என்னா கிருமி? எப்புடி வருது?"

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தடுமாறுவோம். கழுத்தைச் சொறிந்துகொண்டு, 'எப்படியோ வரும்' என்போம். நானும் அதற்கு முன் பல இடங்களில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏற்கெனவே அந்த வீட்டுக்கு ஒரு தப்புச் செய்துவிட்டுப் போயிருந்தேன். மறுபடியும் மழுப்ப மனம் வரவில்லை.

"ஆம்பளை பொம்பளை சேர்றதுலதாண்ணே பெரும்பாலும் வருது. அது ஒண்ணும் தப்பான பழக்கம் உள்ளவங்களுக்கு மட்டும் வர்றதில்ல. ஒருத்தரோட ஒழுங்கா வாழுறவங்களுக்கும் வரும். ரொம்பப் பேருக்கு வந்தது தெரியாமலே உடம்பு அதுவா விரட்டிரும். சில பேருக்கு மட்டும் போகாம தங்கி, வருஷக்கணக்கு கழிச்சுப் புத்துநோயாகிரும். யாருக்குத் தங்கும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதான் எல்லாப் பிள்ளைக்கும் போடச் சொல்றோம்."

அவர் முகம் இறுகிவிட்டது. "பதிமூணு வயசுப் பிள்ளைக்கு இதுக்கு ஊசியா?"

"போலியோவுக்குச் சொட்டு மருந்து குடுத்தோமே, கால் விளங்காம போன பெறகா குடுத்தோம்? நாளைக்கு நீங்கதான் முன்ன நின்னு இந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்க. மாப்பிள்ளைக்குக் குலம் விசாரிப்பீங்க, குணம் விசாரிப்பீங்க. அவரு உடம்புல இருக்குற கிருமியை எங்கண்ணே போயி விசாரிப்பீங்க?"

கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவர் மனைவி. சிரித்துவிட்ட தைரியத்தில் வெளியே வந்தார்.

"பின்னாடி பிள்ளை பெத்துக்குறதுல ஏதும் தடங்கல் வருமா சிஸ்டர்?"

"வராது மதினி. கை ரெண்டு நாளைக்கு வலிக்கும். லேசாக் காய்ச்சல் அடிக்கலாம். சில பிள்ளைகளுக்கு ஊசியைப் பார்த்த பயத்துலயே தலை சுத்தும், அதுக்குத்தான் செத்த நேரம் உக்கார வச்சு அனுப்புறோம்."

"போட்டுட்டா அந்த நோயே வராதா?"

"பெரும்பாலும் தடுக்கும். அம்புட்டையும் தடுக்கும்னு சொன்னா நான் பொய்க்காரி ஆயிருவேன். ஊசி போட்டவங்களும் முப்பது வயசுக்கு மேல பரிசோதனை பண்ணிக்கணும். நீங்க பண்ணியிருக்கீங்களா மதினி?"

அவர் புருஷனைப் பார்த்தார். புருஷன் தோப்பைப் பார்த்தார். "வாங்க, வந்து பண்ணிக்குங்க. நோவெல்லாம் இல்லை, கொஞ்ச நேரத்து வேலைதான்" என்றேன். ஊசி வயதைத் தாண்டியவர்களை நாம் பேச்சிலிருந்தே விட்டுவிடுகிறோம். பிள்ளையைக் கூட்டி வருகிற ஒவ்வொரு தாய்க்கும் பரிசோதனை பற்றிச் சொல்லியனுப்புங்கள்.

"யோசிக்கிறேன்" என்று சொல்லி அண்ணன் என்னை அனுப்பிவிட்டார். காப்பி கொடுக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இருபது நாள் கழித்துச் செல்வி போன் செய்தாள். மேளச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அண்ணன் சீர் கொண்டு வந்துவிட்டார், குடிசை கட்டிவிட்டார் என்பது மட்டும் புரிந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பந்தலின் இரண்டு ஓரத்தில் நிற்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அடுத்த ஊசிக்கு எங்கண்ணனே கூட்டிட்டு வருதாம் சிஸ்டர். 'காது குத்துனப்ப எம்மடியிலதான் உக்காந்தா, இந்த ஊசிக்கும் நாந்தான் உக்கார வைப்பேன்'னு பந்தல்ல வச்சுச் சொல்லிருச்சு. எங்க வீட்டுக்காரரு மறுத்துப் பேசல" என்றாள். மடியில் உட்கார வைப்பது தாய்மாமன் உரிமை. அந்த உரிமையை எதிர்த்து ஒரு சடங்குப் பந்தலில் யார் பேச முடியும்?

பதினைந்து வயது ஆகாத பிள்ளைகளுக்கு அன்றைக்கு எங்களிடம் இரண்டு தவணை, ஆறு மாத இடைவெளி. இப்போது சில இடங்களில் ஒரே தவணை போதும் என்கிறார்கள். நாளைக்கு இன்னும் மாறலாம். உங்கள் கையில் இருக்கும் வழிகாட்டுதலைப் பார்த்துக்கொள்ளுங்கள், என் பழைய கணக்கை நம்பாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, சொன்னபடி மாமன் வந்தார். ஒரு பக்கம் பவித்ரா, இன்னொரு பக்கம் அபி. பள்ளிக்கூடத்து வரிசையெல்லாம் கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரி அறை, கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருவராக. அபிக்கு முதல் ஊசி. "ஆகலைன்னாலும் போடலாம்ல சிஸ்டர்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் கையை நீட்டினாள். பிறகு பவித்ரா. பதின்மூன்று வயதுப் பெண்ணை மடியில் உட்கார வைக்க முடியாது. மாமன் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு அவள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கும்போது அவள் பேசாமல் இருந்தாள், கண்ணை மூடிக்கொண்டவர் அவர்தான்.

கால் மணி நேரம் உட்கார வேண்டும் அல்லவா. அபியின் நேரம் முதலில் முடிந்தது, ஜூஸ் கேட்டாள். மாமன் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். நானும் பவித்ராவும் மட்டும் இருந்தோம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன், தங்கையிடம் கேட்டேன், டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன், இதோ இரண்டாம் ஊசியும் போட்டாயிற்று. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஞ்சுப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர்."

"என்னடா தங்கம், தலை சுத்துதா?"

"இல்ல. அன்னிக்கு நீங்க தேதி கேட்டப்ப, நான் இன்னும் ஆகலன்னு சொல்லியிருக்கணுமா?"

கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

"அம்மா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்துச்சு. ஆனா நர்சுகிட்ட பொய் சொன்னா ஊசி மாறிப்போயி உடம்புக்கு ஏதும் ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு. அதான் உண்மையைச் சொல்லிட்டேன். மாமா போன் போட்டதும் அம்மா அடிச்சுச்சு. உனக்கு வாய் எங்க போச்சு, இல்லன்னு ஒத்தை வார்த்தை சொன்னா என்னான்னு. என்னாலதான மாமாவும் அம்மாவும் சண்டை போட்டாங்க?"

ஊசி போட்டுக்கொண்டவள் அவள். படிவத்தில் இருந்தது அவள் பெயர். சொல்லச் சொல்லி அதட்டியது அவளை. ஆறு மாதமாக எங்கெங்கோ போய் யார் யாரிடமோ கை கட்டி நின்ற நான், இந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய சேதியை அவள் மாமன் வீட்டு வாசலில் வைத்துப் பேசப் போகும்போதுகூட அவள் அம்மாவைத்தான் கேட்டேன், அவளைக் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

நாற்காலியை இழுத்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல பவித்ரா. உடம்பு நல்லா இருக்கணும்னு நர்சுகிட்ட உண்மையைச் சொன்ன. அது ரொம்பச் சரி. நான்தான் கேக்கக்கூடாததைக் கேட்டேன். எல்லாரு முன்னாலயும் கேட்டேன், அதட்டிக் கேட்டேன். என்னை மன்னிச்சிரு. இதை அன்னிக்கே உன்கிட்டத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்."

பெரியவள் ஒருத்தி மன்னிப்புக் கேட்பதை அவள் அதற்கு முன் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதை எங்கம்மாகிட்டயும் சொல்வீங்களா சிஸ்டர்?"

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. நான் சொன்னா நம்பாது."

அன்று மதியம் மில் வாசலில் போய் நின்றேன். ஷிஃப்ட் விட்டு, கூட்டத்தோடு கூட்டமாகச் செல்வி வந்தாள். என்னைப் பார்த்துப் பதறி ஓடிவந்தவளை ஓரமாகக் கூட்டிப்போய், பிள்ளை எதற்குப் பயந்து உண்மையைச் சொன்னாள் என்பதைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மில் பஸ் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. ரோட்டில் போன முதல் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, "பிள்ளை வீட்டுலதான் இருக்கும் சிஸ்டர், வாரேன்" என்று ஏறிப் போய்விட்டாள்.